சில்லு வைத்த காம்பரா

பணிய டிவிஷன்,
நாலாம் நம்பர் லயம்,
எட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பரும் தேயிலையும் உள்ள ஒரு தோட்டம்.

மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகம் அவர்கள்,
நாரஹேன்பிட்டி,
கொழும்பு 05.

விடயம்: ஓய்வுக்குப் பின் நிரந்தரமாகக் குடியிருக்கும் பொருட்டு ஒரு பழைய பஸ்ஸைப் பதிவு செய்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

குடியிருப்பைப் பற்றிய மனுவை வாகனத் திணைக்களத்துக்கு எழுதுகிறானே, இவனுக்கு முகவரி தப்பிவிட்டதா என்று உங்கள் தபால் பிரிவு லிகிதர் நினைக்கக்கூடும். தப்பவில்லை. வீட்டுக்குப் பொறுப்பானவர்களுக்கு எழுதி எழுதி எங்கள் சங்கத் தலைவருக்கே கை ஓய்ந்துவிட்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் அமைச்சின் பெயர் மாறுகிறது. புதுப் பெயரைப் பிழையில்லாமல் எழுதிப் பழகுவதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடுகிறது. உங்கள் திணைக்களம் அப்படியல்ல. என் அப்பா காலத்திலும் லொறிக்கு நம்பர் கொடுத்தீர்கள், இன்றைக்கும் கொடுக்கிறீர்கள். நம்பர் கொடுத்த லொறியைப் பிறகு பிடித்து நிறுத்தி, "உன் பாட்டன் எந்த ஊர்?" என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எனக்கு அறுபது வயது நிறைகிறது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை அறுபதாக வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு அனுப்பலாம். சட்டம் எழுதியவர்கள், அனுப்புவதற்கு ஆளுக்கொரு வீடு இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். லயத்தில் குடியிருக்கும் காம்பரா ஆளுக்குச் சொந்தமில்லை, வேலைக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒரு பேர் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் இருக்கிறவரைக்கும் கூரை இருக்கும். என் பேர் வெட்டுப்பட்டால் பிள்ளைகளில் ஒன்று பேர் பதிய வேண்டும். மகன் கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறான். மகள் அவிசாவளையில் சீதாவக்கை ஏற்றுமதி வலயத்தில் மெஷின் மிதிக்கிறாள். இரண்டு பேரையும் கூப்பிட்டு, "அப்பன் பால் வெட்டின மரத்துக்கு நீங்களும் கத்தியோடு வாங்க, இல்லாட்டி அப்பனுக்குப் படுக்க இடமில்லை" என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் வரமாட்டார்கள் என்பது வேறு கதை.

இந்தச் சமயத்தில்தான் பெரிய பங்களாவில் அப்புவாக இருக்கும் மச்சான் ஒரு பழைய இங்கிலீசுச் சஞ்சிகையைக் கொண்டுவந்தான். அமெரிக்காவில் ஓய்வுபெற்ற தம்பதிகள் பஸ் மாதிரி ஒரு வண்டிக்குள்ளேயே அடுப்பு, கட்டில், கக்கூசு எல்லாம் வைத்துக்கொண்டு வருடம் பூராவும் ஊர் ஊராகத் திரிகிறார்களாம். வீட்டை விற்றுவிட்டுத்தான் வண்டி வாங்குகிறார்கள் என்று போட்டிருந்தது. எங்களுக்கு அந்த முதல் வேலை மிச்சம்.

படத்தை வீட்டுக்காரி நெடுநேரம் பார்த்தாள். "இதுக்காங்க ஆசப்பட்டுக் காசு குடுக்குறாங்க? நம்மளக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லிக் குடுத்திருப்போமே, பத்துக்குப் பன்னண்டுல எப்பிடிக் குடும்பம் நடத்துறதுன்னு" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் கணக்குப் பார்த்தேன். லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, 120 சதுர அடி. வெள்ளைக்காரன் காலத்து அளவு. இஸ்தோப்பைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும், மழைக்கு ஒழுகும் மூலையைக் கழித்தால் பழையபடி வந்துவிடும். ஒரு பழைய பஸ் முப்பதடி நீளம், எட்டடி அகலம் என்று வைத்தால் 240 சதுர அடி. இரண்டு மடங்கு, ஐயா. பக்கத்துக்கு வரிசையாக ஜன்னல். எங்கள் லயத்தில் முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்களுக்குப் பின்பக்கம் காற்று என்பதே கிடையாது. மணி அடித்தால் நிற்கும் வசதியும் பஸ்ஸில் உண்டு.

நடமாடும் வாழ்க்கைக்கு எனக்கு என்ன அனுபவம் என்று உங்கள் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்குமானால், பின்வருவதைப் பதியவும். எங்கள் முன்னோர் தலைமன்னாரில் இறங்கிக் கால்நடையாக மலைக்கு ஏறினார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற, கங்காணியிடம் பட்ட கடன் எழுதிய துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நின்ற இடத்திலேயே எங்களை நாடில்லாதவர்களாக்கியது. ஒரு அடி நகராமல் நாட்டைக் கடந்த பயணம் அது ஒன்றுதான். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு வண்டி கைமாறும்போது விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போட்டால் போதும், வண்டியிடம் யாரும் கேட்பதில்லை அல்லவா? எங்கள் விஷயத்திலும் எண்ணிக்கையை முதலில் முடித்துவிட்டுத்தான் ஆட்களைக் கேட்டார்கள். ஆகவே நாங்கள் அப்போதிருந்தே உங்கள் திணைக்களத்தின் கீழ்தான் வருகிறோம் என்பது என் தாழ்மையான வாதம்.

அப்புறம் 1977, 1981, 1983 இனக்கலவரங்கள். இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை என்று சபரகமுவைத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது, கையில் அகப்பட்டதைத் துணியில் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் வவுனியா வரைக்கும் போனார்கள். எதை எடுப்பது, எதை விடுவது, பிள்ளையை யார் தூக்குவது என்பதெல்லாம் எங்கள் சனத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். அமெரிக்காவில் இதற்குப் புத்தகம் வாங்கிப் படிக்கிறார்களாம்.

இனி வாகனத்துக்கு. நான் ஆயுள் பூராவும் பால் வெட்டியவன். விடியுமுன்னே கத்தியோடு மலையில் ஏறி, மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் வடிய விட்டு, வெயில் ஏறுமுன் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. எங்கள் பக்கம் எவ்வளவு மழை பெய்யும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பால் டயராகி உலகமெல்லாம் ஓடுகிறது. திண்ம டயர் ஏற்றுமதியில் இலங்கைக்கு நல்ல பெயர் என்று பத்திரிகையில் வாசிக்கிறேன். நான் வெட்டிய பாலில் ஓடாத தேசம் குறைவு. எனக்கென்று ஆறு டயர் கேட்பது பேராசையாகாது.

பணத்துக்கு வழி இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியை ஆண்களுக்கு ஐம்பத்தைந்தில் எடுக்கலாம், எடுத்தாயிற்று, மகள் கல்யாணத்தோடு அது முடிந்தது. பணிக்கொடை பாக்கி. 1983ஆம் ஆண்டின் சட்டம் நாட்கூலிக்காரனுக்கு வருடத்துக்குப் பதினாலு நாட் சம்பளம் என்கிறது. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாயை வைத்துப் பார்த்தால், முப்பது வருடம் உழைத்தவனுக்கு 567,000 ரூபாய். இதைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் விலை விசாரித்தேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். இடையில் பழைய வண்டிகளெல்லாம் புதுசாக இருந்தபோது விற்ற விலையைத் தாண்டிப் போய்விட்டன. மனுஷனுக்கு வயதாக ஆக விலை இறங்குகிறது, வண்டிக்கு ஏறுகிறது. கடைசியில் என் பணிக்கொடைக்குள் அடங்குகிற பஸ் ஒன்று கிடைத்தது. இயந்திரம் இல்லை. கூடு நன்றாக இருக்கிறது.

இங்கேதான் உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது. இயந்திரம் இல்லாத பஸ் வாகனமா, கட்டடமா? உங்கள் வகைப்பாட்டில் கார், லொறி, இருபயன் வாகனம் எல்லாம் இருப்பது தெரியும். ஆளும் ஏறலாம், சாமானும் ஏற்றலாம் என்பது இருபயன். எனக்குத் தேவை மூன்றாம் பயன்: ஏறினவன் இறங்காமலே இருந்துகொள்ள வேண்டும்.

இது வெறும் தமாஷ் கேள்வி இல்லை. கட்டடம் என்று முடிவானால் நான் தொலைந்தேன். தோட்டத்து மண்ணில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினாலும் அனுமதியற்ற கட்டுமானம். 2023இல் மலையகத்தின் 200 வருடத்தை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு எங்கள் சனமும் நல்ல மனமுள்ள மற்றச் சனமும் நடந்து போனார்கள். அந்த நடை மாத்தளையில் முடிந்த அதே ஆகஸ்ட் மாதம், அதே மாத்தளை மாவட்டத்தில் ரத்வத்தை என்ற தோட்டத்தில், ஒரு தொழிலாளர் குடும்பம் போட்டிருந்த தற்காலிக வீட்டை உதவி முகாமையாளர் உடைத்தார். பாராளுமன்றம் வரைக்கும் போன விஷயம். அந்த வீட்டுக்கு ஒரு சில்லும் ஒரு நம்பர் தகடும் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம்பர் உள்ள வண்டியில் ஒரு கண்ணாடியை உடைத்தாலே பொலிஸ் வரும், இன்சூரன்ஸ்காரன் படம் எடுப்பான், நட்டஈடு பேசுவார்கள். ஆகவே என் கூட்டை எப்படியாவது வாகனம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் வாங்க மகன் சீட்டுக் கட்டுகிறான்.

உரிமை விஷயத்தில் உங்கள் சான்றிதழ் அச்சடித்தவரைக் கும்பிட வேண்டும். அதில் முழு உரிமையாளர் என்று ஒன்று, பதிவு உரிமையாளர் என்று ஒன்று. லீசிங் கட்டி முடியும்வரைக்கும் முதல் இடத்தில் கம்பனி, இரண்டாம் இடத்தில் வண்டியை வைத்திருப்பவன். எவ்வளவு ஞாயமான ஏற்பாடு! எங்கள் தோட்டங்களும் லீசிங்தான். 1970களில் அரசு எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தது, 53 வருடக் குத்தகை, 2045இல் முடியும். அதில் முழு உரிமையாளர் அரசு, வைத்திருப்பவர் கம்பனி. உள்ளே பிறந்து, உள்ளே உழைத்து, உள்ளேயே புதைபடுகிறவனுக்கு மூன்றாவதாக ஒரு கட்டம் போட அச்சகத்தில் இடமில்லாமல் போய்விட்டது. 2045இல் பேசிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அப்போது எண்பதை நெருங்கியிருக்கும். காத்திருக்கச் சம்மதம், உட்கார இடம் கொடுத்தால்.

ஏழு பேர்ச் காணி, பத்து பேர்ச் காணி, தனி வீடு எல்லாம் எங்களுக்கும் தெரியும், டீவியில் பார்த்திருக்கிறோம். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்துக்கு வந்து, முந்திய நாலாயிரத்தோடு இன்னும் பத்தாயிரம் வீடு என்றபோது நான்கூடக் கைதட்டினேன். ஆனால் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கி வருகிற ரோட்டில் வளைவுகள் அதிகம்; ஒவ்வொரு வளைவிலும் சலுகையில் கொஞ்சம் சிந்தி, எட்டியாந்தோட்டைக்கு வரும்போது அறிவிப்பு மட்டும் மிஞ்சுகிறது. நுவரெலியாவில் நாங்கள் வாக்கு. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் அங்கொரு லயம் இங்கொரு லயமாகச் சிதறிய சனம். பிரதேச சபைக்கே நாங்கள் நீண்ட காலம் கண்ணில் படவில்லை: 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்கத் தடையாக இருந்து, 2018இல்தான் திருத்தினார்கள். வண்டிக்கோ, சபரகமுவையில் பதிந்தால் 'எஸ்ஜி' என்று தகட்டிலேயே எழுதிக் கொடுத்தீர்கள். நாங்கள் இந்த மாகாணத்துக்காரர்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான அரச எழுத்தை நான் கண்டதில்லை. 2023 முதல் புதுத் தகடுகளில் அந்த எழுத்தையும் எடுத்துவிட்டீர்களாம். எனக்கு மட்டும் பழைய தகடு ஒன்று கிடைக்குமா?

நிறுத்தும் இடம் பற்றியும் யோசித்து வைத்திருக்கிறேன். தோட்டத்துக்குள் கம்பனி மண், அதற்கு மேலே காடு, கீழே களனி ஆற்று ஒதுக்கிடம், நடுவே ஓடும் ஏ-7 பாதை வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. ஆக, நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் சட்டத்தை மீறாதவனாவேன். இதற்கும் ஒரு வழி தெரிகிறது. மார்கழிப் போயா முதல் வெசாக் வரைக்கும் சிவனொளிபாத மலைப் பருவம். குருவிட்டைப் பக்கமும் பலாபத்தலைப் பக்கமும் பஸ்ஸை நிறுத்தி, பக்கத்தில் அடுப்பு மூட்டி, உள்ளே தூங்கி எழுந்து போகும் யாத்திரிகர்களை இதுவரை யாரும் "குடியேறிவிட்டீர்களா?" என்று கேட்டதில்லை. அந்த மாதங்களில் நானும் பக்தன். மிச்ச மாதங்களில் என் பஸ் பழுதாகி நிற்கும். இயந்திரம் இல்லாததால் பொய் சொல்லவும் தேவையில்லை.

கித்துல்கலையிலும் கொஞ்ச நாள் நிற்கலாம் என்று மகன் சொல்கிறான். 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் படத்துக்காக அங்கே ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டி, கட்டியதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இல்லாத அந்தப் பாலத்தைப் பார்க்க இன்றைக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். நூறு வருடமாக அப்படியே நிற்கிற லயத்தைப் பார்க்கத்தான் ஆளில்லை. அதை வெடி வைத்தால் வருவார்களோ என்னவோ.

இனி முகவரிக்கு. அமெரிக்காவில் தெற்கு டகோட்டா என்று ஒரு மாநிலம். வண்டியிலேயே வாழ்கிறவர்கள் அங்கே ஓர் இரவு தங்கிய ரசீதையும் ஒரு தபால் பெட்டி முகவரியையும் காட்டினால், சாரதி அனுமதிப்பத்திரம் கொடுத்துவிடுகிறார்களாம். ஒரே ஓர் இரவு! நாங்கள் தங்கிய இரவுகளுக்கு ரசீது வாங்கி வைக்காமல் போனது முன்னோர் விட்ட குறை. எங்கள் பெயருக்கு வருகிற கடிதம் இன்றைக்கும் தோட்டக் காரியாலயத்தில் இறங்கி, யார் கையிலாவது ஏறி, மகன் நேர்முகப் பரீட்சைக்குப் போக வேண்டிய தேதிக்கு மறுநாள் லயத்துக்கு வரும். அமெரிக்காவில் எல்லாம் சொகுசு என்று நினைக்க வேண்டாம். நோமேட்லேண்ட் என்று ஒரு படம் 2021இல் ஒஸ்கார் வாங்கியது, வேனில் வாழும் வயதான பெண்மணியைப் பற்றியது. அமேசன் கிடங்கில் பார்சல் கட்டியும் சுகர் பீட் அறுவடைக்குப் போயும் வயிறு வளர்க்கிறார். பேர் வெட்டுப்பட்ட பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகும் எங்கள் லயத்துப் பாட்டிமாருக்கு அந்தப் படத்தை ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும். அமெரிக்காவிலும் கைக்காசுதான் என்று ஆறுதலடைவார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் பகடி இல்லாமல் எழுதுகிறேன். 2016 மே 17 அன்று எங்கள் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க சாமசர மலை சரிந்தது. அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் களுப்பான தோட்டத்து லயத்தின் மேலும் மண் வந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மறுபடியும் மலைகள் இறங்கின. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டால், நாங்கள் காம்பராவைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்க வேண்டும். மழை விட்டதும் அதே மலையின் அடியில் அதே காம்பராவுக்கு வர வேண்டும். வேறு இடம் கேட்டால், காணி கம்பனியுடையது என்று அரசு சொல்லும், அரசுடையது என்று கம்பனி சொல்லும். மலை யாரையும் கேட்பதில்லை. பஸ்ஸில் இருந்தால் எச்சரிக்கை வந்த அன்றே வீட்டையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகலாம். லயத்துச் சனம் இருபது பேர் இருந்தால் போதும், அவிசாவளை வரைக்கும் இறக்கம்தான்.

ஆகவே ஐயா, வாகனம் என்று பதியவும். வகை எதுவானாலும் சம்மதம். புகைப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் அடுப்பு மூட்டிக் காட்டுகிறேன். வருமான அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் தவறாமல் எடுப்பேன். நீங்கள் தரும் பதிவுச் சான்றிதழில் என் பெயரும் அதோடு முகவரி என்று ஒரு வரியும் இருக்கும் என்று கேள்விப்பட்டேன். அந்த வரியில் என்ன எழுதுவது என்பதை உங்கள் உத்தியோகத்தர்களே தீர்மானித்து நிரப்பிவிட்டால் பெரிய உபகாரம்.

இங்ஙனம்,
தங்கள் பணிவான,
பேர் வெட்டுப்படவிருக்கும் பால்வெட்டுத் தொழிலாளி.

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரைக்கும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "செக்ரோல்ல பேர் இருந்த காலத்துல கொழுந்து மட்டுந்தான் எம் பேர்ல, காம்பரா ஒங்க பேர்ல, சங்கத்துல தலைவரு பேர்ல. இந்தக் கூடாச்சும் எம் பேர்ல இருக்கட்டும்." ஞாயம் என்றே படுகிறது. பதிவு உரிமையாளர் இடத்தில் அவள் பெயரைப் போடவும். இயந்திரம் பூட்டிய பிறகு தானே ஓட்டுவதாகவும் சொல்கிறாள். கனரக வாகன அனுமதிப்பத்திரத்துக்கு எத்தனை வயது வரைக்கும் விண்ணப்பிக்கலாம் என்பதை அவளுக்குத் தனியாகத் தெரிவிக்கவும்.